பனித்தீவில் விளைந்த சோளம்

பனிக்கரடி உலாவும் வடகடல் தீவு ஒன்றில், புல்கூட ஒழுங்காக முளைக்காத இடத்தில், நாற்பத்தொரு வகைச் சோளம் விளைந்ததாகப் பதினேழு வருடமாக உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அப்படி நம்ப வைத்தது செகந்திராபாத் பக்கம் உப்பல் சில்கா நகரில் இருக்கும் சுமதி. அவள் பொய் சொல்லத் தெரிந்தவள் இல்லை. சொன்னால் காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் நடந்துவிட்டது.

ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருந்தது அவள் வேலை பார்த்த விதை வங்கி. உள்ளே குளிர் அறையில் அலமாரி அலமாரியாக அலுமினிய டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் எந்தக் காட்டிலோ யாரோ விதைத்து, யாரோ கேட்டு வாங்கி வந்த ஒரு பிடி விதை. ஒவ்வொரு விதைக்கும் ஒரு எண் உண்டு. எந்த நாடு, எந்த இடம், எந்த மண், யார் சேகரித்தது, எந்த வருடம் என்று ஒரு குறிப்பும் உண்டு. அதற்கு அங்கே பாஸ்போர்ட் என்றே பெயர். பதினேழு வருடமாக அந்தப் பாஸ்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் சுமதி. அவளுக்குச் சொந்தமாகப் பாஸ்போர்ட் கிடையாது. சொந்த ஊரான தாராபுரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் போதும் என்பாள்.

அவள் ஏற்றியதெல்லாம் உலகத்துக்குப் பொதுவான ஒரு தகவல் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும். பெருவில் உருளைக்கிழங்கு காக்கிறவன் எழுதியதும், எத்தியோப்பியாவில் தானியம் காக்கிறவள் எழுதியதும், சில்கா நகர் சுமதி எழுதியதும் அங்கே ஒரே பட்டியலில் நிற்கும். எந்த நாட்டுக்காரரும் திறந்து பார்க்கலாம். எனக்கு இந்த விதை வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் ஒரு பொட்டலம் போகும். முகம் தெரியாதவர்கள் முகம் தெரியாதவர்களுக்கு விதை கொடுக்க, இத்தனை பேர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் பிரமிப்பான ஏற்பாடுதான். ஆனால் அதைத் தட்டுகிறவர்களுக்கு யோசிக்க நேரம் இருப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடாத மழை. புரட்டாசி பிறக்கும் முன்பே உப்பல் ரிங் ரோட்டில் முழங்கால் தண்ணீர். சுமதி நனைந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்ததும், ஆவணப் பிரிவின் தலைவி அனுபமா ஒரு பட்டியலைக் கொண்டுவந்து வைத்தாள். செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு முன்னால் வந்துவிடும்.

"சுமதி, இது வியாழக்கிழமை கமிட்டிக்கு. இந்தப் பருவம் விதைக்க வேண்டாம்னு தள்ளற லிஸ்ட். நீட்டா டைப் பண்ணிக் கொடுத்துடுங்க."

"தள்றதுன்னா மேடம்?"

"நிலம் கொஞ்சம்தானே இருக்கு? எல்லாத்தையும் மறுபடி விதைச்சுப் புது விதை எடுக்க முடியுமா? முளைப்பு இறங்கிடுச்சு, இருபது வருஷமா யாரும் கேக்கல, எங்கேருந்து வந்ததுன்னும் நிச்சயமில்ல. இந்த மூணும் இருந்தா தள்ளிட வேண்டியதுதான்."

தள்ளினால் என்ன ஆகும் என்று சுமதிக்குத் தெரியும். ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்துப் பார்த்தால் நூறுக்கு முப்பது முளைக்கிற விதை, அடுத்த முறை பார்க்கும்போது பத்து முளைக்கும். அதற்கடுத்த முறை காகிதம் மட்டும்தான் இருக்கும். எண் இருக்கும், பாஸ்போர்ட் இருக்கும், ஆள் இருக்காது.

நாற்பத்தொரு சோளம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'இடம் சந்தேகம்' என்று சிவப்புக் குறி. நாடு இந்தியா என்று இருந்தது. ஆனால் வரைபடத்தில் புள்ளி விழுந்தது வடதுருவத்துக்குப் பக்கத்துப் பனித்தீவில். ஊர்ப் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலி. 'சாலையோர வயல், கறுப்பு மண், சுடுமல்லிக் களை மண்டிய காட்டிலும் சாயாமல் நின்ற பயிர்' என்று மட்டும் சேகரித்தவர் குறித்திருந்தார். சுடுமல்லி சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் களை.

பனித்தீவில் ஏது கறுப்பு மண்? சுமதி அந்த இரண்டு எண்களையும் பார்த்தாள். வடக்கு எழுபத்தெட்டு, கிழக்குப் பதினைந்து. ஓர் ஓரமாக, யாரும் பார்க்காத தாளில், எண்களை இடம் மாற்றி எழுதி வரைபடத்தில் போட்டாள். புள்ளி ஒரே தாவாகத் தாவி நந்தியாலுக்குப் பக்கத்தில், கர்னூல் கரிசல் காட்டு நடுவில் போய் உட்கார்ந்தது. நாற்பத்தொன்றும் அப்படியே.

ஏற்றியவர் யார் என்ற கட்டத்தைப் பார்த்தாள். எஸ்.டி. தேதி, 2007 ஜூலை. சுமதி தண்டபாணி வேலைக்குச் சேர்ந்த மாதம். மகள் சாஹித்யா அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். மழை நாளுக்கு அரிசிம்பருப்புச் சோறு என்பது அந்த வீட்டு வழக்கம். சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்குகிற வாசனைக்குத் கணவன் தண்டபாணி தானாகவே அடுக்களைக்கு வந்தான். நாச்சாரத்தில் ஒரு பட்டறையில் லேத்து போர்மன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாலும் ஆயில் வாசம் போகாது.

"என்ன புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

அவள் சொன்னாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவன் வாசல் நிலையில் சாய்ந்து கேட்டான்.

"சரி, மாத்திப் போட வேண்டியதுதான?"

"சும்மா மாத்த முடியாதுங்க. திருத்துறதுக்கு ஒரு சீட்டு உண்டு. யாரு தப்பு, என்ன காரணம்னு பேரு போட்டுக் கையெழுத்து வெக்கோணும். அது அந்தப் பாஸ்போர்ட்டுக்குக் கீழயே நிக்குமுங்க. எந்த நாட்டுல தெறந்தாலும் தெரியும்."

"உன்ற பேரா?"

"ஆமாங்க."

தண்டபாணி நிலையை விட்டு உள்ளே வந்தான். திங்கட்கிழமை அவளுக்கு நேர்காணல். பதினேழு வருடம் ஒப்பந்தத்தில் ஓட்டியவளை நிரந்தரமாக்குகிற கோப்பு, எத்தனையோ மேசைகளில் தூங்கி எழுந்து, இப்போதுதான் கடைசி மேசைக்கு வந்திருந்தது. வருடா வருடம் மார்ச் மாதம் வந்தால் அடுத்த வருடம் இருக்கிறோமா இல்லையா என்று அவள் சோறு இறங்காமல் கிடப்பதைப் பார்த்தவன் அவன்.

"ஏம்புள்ள, ஆறே நாளு. திங்கக்கெழம வரைக்கும் வாயக் கட்டிக்கிட்டு இரு. ஆர்டரு கைக்கு வரட்டும், அப்பறம் என்ன வேணும்னாலும் திருத்து."

"வியாழக்கெழம பட்டியல முடிச்சுப்போடுவாங்க. அப்பறம் வெதைக்க எடமிருக்காது. அடுத்த வருசத்துக்கு அது உசுரோட இருக்குமான்னு ஆருக்குத் தெரியும்?"

"சோளந்தான புள்ள! ஊரெல்லாம் சோளம் கெடக்குது."

"சுடுமல்லிக்குச் சாயாத சோளம் ஊரெல்லாம் கெடக்குதுங்களா?"

தாராபுரத்தில் அவன் அப்பா சுடுமல்லியோடு மல்லுக்கட்டித் தோற்று, சோளத்தையே விட்டவர்.

உள்ளறையில், பிளஸ் டூவுக்குச் சமமான இண்டர் இரண்டாம் வருடப் புத்தகத்தோடு இருந்த சாஹித்யா தலையை நீட்டினாள். தமிழில் சொன்னால் புரியும், தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

"அம்மா, ஊரிகே மார்ச்சேய். எவரு சூஸ்தாரு?"

சும்மா மாற்றிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறாள் மகள். அதற்குத்தான் வழியில்லை என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் அம்மா.

தண்டபாணி திடீரென்று நிமிர்ந்தான். "அந்த வெதையக் கொண்டாந்தவரு ஆரு?"

"உமேஷ் சாருங்க. நெலம் அளக்கற படிப்புப் படிச்சுட்டு இந்தப் பக்கம் வந்தவரு. தவறிப்போயிப் பத்து வருசமாச்சு."

"அவரு எப்படி எழுதிக் குடுத்தாரு?"

"அளவைக்காரங்க வரைபடத்துல எப்பவுமே கெழக்கு எண்ணைத்தான் மொதல்ல படிப்பாங்களாமா. வடக்கு அப்பறம். அவரு அந்தப் பழக்கத்துலயே எழுதியிருப்பாருங்க. எங்க பாரத்துல வடக்குத்தான் மொதக் கட்டம். நான் வரிசை பாக்காம அப்படியே ஏத்திப்போட்டேன்னு நெனைக்கறேன்."

"அப்பறம் என்ன! அவரு மாத்தி எழுதிட்டாருன்னு போட்டுரு. அவருக்கு இனிமே வேலையும் போகாது, பேரும் கெடாது. வெதையும் பொழைச்சுக்கும், நீயும் பொழைச்சுக்குவ."

சுமதி சோற்றை இறக்கினாள். நெய் விட்டு மூன்று தட்டில் போட்டாள். அவன் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அன்று அவள் நன்றாகவே சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலையில் நேராகக் குளிர் அறைக்குப் போனாள். அதற்குப் பொறுப்பாளர் முகமது யூசுப். ஆம்பூர்க்காரர், பேச்சில் உருது கலந்து வரும். முப்பது வருடமாக நாலு டிகிரி குளிரில் இருந்து இருந்து, சித்திரை வெயிலிலும் மப்ளர் கட்டுகிறவர். லட்சத்துக்கு மேல் இருக்கும் டப்பாக்களில் எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் அலமாரியைக் காட்டுவார். அவரை நம்பித்தான் அந்தக் கட்டடமே நிற்கிறது என்று சொன்னால் மேலே இருக்கிறவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் அதுதான் நிஜம்.

"யூசுப் பாய், இந்த நாப்பத்தொண்ணுல ஒண்ணாச்சும் டப்பா தெறக்கோணும். உள்ள சேகரிச்சவரு சீட்டு இருக்குமில்லீங்க?"

"ஹவ், ஆமா, இருக்கும். ஆனா கைக்கு, எதுக்கு இப்ப? தள்ற லிஸ்ட்ல வந்துகினு இருக்குதே அது."

"அதுக்குத்தாம் பாய்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தன் பழைய கோட்டு ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். உள்ளே போய் ஏழாவது அலமாரியில் கீழ்த்தட்டில் கை வைத்தார். டப்பா மூடி திறந்தபோது ஒன்றரைப் பிடி சோளம். மங்கின முத்து நிறம், ஒரு பக்கம் மட்டும் செம்மை ஓடியிருந்தது. இந்த ஒன்றரைப் பிடிதான் இந்த உலகத்தில் அதற்கு மிச்சம் என்று தெரிந்து பார்ப்பதற்கும், தெரியாமல் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருந்தது.

"எல்லா டப்பாக்கும் ஒரு காப்பி அந்தப் பனித்தீவு பெட்டகத்துக்குப் போவும்," என்றார் யூசுப். "மலையக் கொடைஞ்சு வச்சிருக்கான். எந்த நாடு அழிஞ்சாலும் வெத அழியக்கூடாதுன்னு. இது மட்டும் போவல. அனுப்புறதுக்கு வெத பத்தல."

"பனித்தீவுக்கா?" என்று கேட்டுச் சுமதி தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. விதைக்கு அடியில் மடித்து வைத்த சீட்டை யூசுப் எடுத்து நீட்டியிருந்தார்.

உமேஷ் ராவின் கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது. முதலில் கிழக்கு எண், பிறகு வடக்கு எண். அவள் நினைத்தபடிதான். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால், பென்சிலைக் கூராகச் சீவி, கிழக்குக்கு 'ஈ' என்றும் வடக்குக்கு 'என்' என்றும் பெரிய ஆங்கில எழுத்துப் போட்டு, அடியில் கோடும் இழுத்திருந்தார். பின்னால் வருகிறவர்கள் குழம்பக்கூடாது என்று அந்த மனுஷன் கரிசல் காட்டு வெயிலில் நின்று கோடு போட்டிருக்கிறார். யூசுப் இன்னொரு டப்பாவைத் திறந்தார். அதிலும் கோடு. மூன்றாவதிலும் கோடு.

"இன்னா சுமதிம்மா?"

"ஒண்ணுமில்லீங்க பாய். இவரு மேல போடலாம்னு வந்தேன்."

"எதை?"

"என்ற தப்பை."

யூசுப் மூடியைத் திருகி மூடினார். "நக்கோம்மா, வேணாம்," என்றார் மெதுவாக. "உமேஷ் சார் நம்ம எல்லாரையும் விட ஜாஸ்தி பாத்து எழுதுவாரு. அவர் மேல நக்கோ."

அவர் சொல்லியிருக்காவிட்டாலும் சுமதி போட்டிருக்க மாட்டாள். அந்த அடிக்கோட்டைப் பார்த்த பிறகு முடியாது. வெளியே வந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்தபோது அவளுக்கு வேர்த்திருந்தது. நாலு டிகிரியில் வேர்த்த முதல் ஆள் நீதான் என்றார் யூசுப்.

வியாழக்கிழமை கமிட்டி. இயக்குநர், வெளியூர் நிபுணர்கள் இருவர், அனுபமா. சுமதிக்கு அந்த அறையில் வேலையே இல்லை, பட்டியலை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவள் வைத்தாள். வரவில்லை. பட்டியலுக்கு மேல் நாற்பத்தொரு திருத்தச் சீட்டுகளை வைத்தாள். ஒவ்வொன்றிலும் கையெழுத்து.

"சார், இந்த நாப்பத்தொண்ணும் நந்தியால் சோளம். வடக்கு, கெழக்கு எண்ணை மாத்தி ஏத்தினது நாந்தான். சேகரிச்சவரு தெளிவாத்தான் எழுதியிருக்காரு. சீட்டு டப்பாலயே இருக்குது."

அனுபமாவின் முகம் மாறிவிட்டது. "ஏமண்டி சுமதி, பதினேழு வருஷமா? எத்தனை பேர் இந்த டேட்டாவை எடுத்திருப்பாங்க! நம்ம பேரு ஏமவுதுந்தி, என்ன ஆகும்?" என்று பாதித் தெலுங்கில் பொரிந்தாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். திங்கட்கிழமை நேர்காணல் எடுக்கப் போகிறவரும் அவர்தான்.

"இன்னிக்கே சொல்லணும்னு என்னம்மா அவசரம்?" என்று கேட்டார்.

"இன்னிக்குச் சொன்னாத்தான் சார் வெதைக்க முடியும்."

வெளியூர் நிபுணர் ஒருவர் அதற்குள் சீட்டுகளைப் புரட்டி, 'சுடுமல்லி' என்ற குறிப்பில் விரல் வைத்துவிட்டார். மற்றவரை இடித்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் நாற்பத்தொன்றும் தள்ளுகிற பட்டியலிலிருந்து விதைக்கிற பட்டியலுக்கு மாறியது.

திங்கட்கிழமை நேர்காணலும் நடந்தது. மரியாதையாகவே கேட்டார்கள். கோப்பு மட்டும் 'பதிவுப் பிழை குறித்து விளக்கம் பெற்ற பின் பரிசீலிக்கலாம்' என்ற குறிப்போடு வந்த வழியே திரும்பிப் போனது. பழையபடி வருட ஒப்பந்தம்தான்.

தண்டபாணி அன்று ஒரே ஒரு வாக்கியம் பேசினான். "பண்ணிப்போட்டயில்ல, உலகம் பூரா படிக்கட்டும்." அதற்கப்புறம் பத்து நாள் அந்த வீட்டில் சாஹித்யா மூலமாகத்தான் பேச்சு. அப்பாவுக்குக் கொள்ளு ரசம் வேண்டுமாம், அம்மா குடையை எடுத்துப் போகச் சொன்னாள் என்று தெலுங்கில் தூது போய் அலுத்துவிட்டது அவளுக்கு. சுமதி அழுதாள். குளிக்கும்போது அழுவாள், வெளியே தெரியாது. செய்தது சரி என்று தெரிந்திருப்பதால் வலி குறைந்துவிடுவதில்லை.

ஆனால் விதை யாருடைய கோப்புக்கும் காத்திருப்பதில்லை. அக்டோபர் முதல் வாரம் ஈரம் காயும் முன்பே விதைத்தார்கள். முப்பது விதை போட்டால் எட்டு முளைத்தது, சிலதில் ஐந்து. வயல்காரப் பெண்கள் ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு குச்சி நட்டுக் குழந்தையைப் போலப் பார்த்தார்கள். டிசம்பரில் கதிர் தள்ளியதும், பக்கத்துச் சோளத்தின் மகரந்தம் கலந்துவிடாமல் கதிருக்குக் கதிர் காகிதப் பை மாட்டிக் கட்டினார்கள். நாற்பத்தொரு வரிசை, தலையில் பை மாட்டிக்கொண்டு காற்றில் நின்றது. மதியச் சோற்றை முடித்துவிட்டுத் தினமும் ஒரு நடை போய்ப் பார்ப்பாள் சுமதி.

ஜனவரியில் அனுபமா தன் அறைக்குக் கூப்பிட்டாள். திட்டு வாங்கத்தான் என்று நினைத்துப் போனாள் சுமதி. திரையில் ஒரு கடிதம். ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். வறண்ட கறுப்பு மண், சுடுமல்லி தாங்கும் சோளம் என்று ஆறு வருடமாக உலகக் களஞ்சியத்தில் வரைபடம் வைத்துத் தேடுகிறாளாம். எங்கள் ஊர்களில் அந்தக் களையால் பெண்கள் நிலத்தை விட்டே போகிறார்கள், இத்தனை நாள் இல்லாத நாற்பத்தொரு புள்ளிகள் உங்கள் ஊரில் திடீரென்று முளைத்திருக்கின்றன, பதினொன்று கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு வரி: கீழே குறிப்பைப் படித்தேன், தன் பெயரைப் போட்டுத் திருத்திய அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

அனுபமா அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை வாசித்துக் காட்டினாள். பிறகு, "இதைப் பிரிண்ட் எடுத்து உங்க ஃபைல்ல நானே வைக்கிறேன்," என்றாள். "அன்னிக்குக் கத்தினதுக்கு ஸாரி."

ஏப்ரலில் விதை காய்ந்து, சுத்தமாகி, அலுமினியத் தாள் பொட்டலங்களில் அடைபட்டது. பதினொரு பொட்டலம் நைஜருக்கு. மிச்சமிருந்ததில் நாற்பத்தொரு வகைக்கும் ஒவ்வொன்று, பனித்தீவு மலைப் பெட்டகத்துக்கு. அன்று சுமதியைக் கூட்டிப்போகத் தண்டபாணி ஸ்கூட்டரில் வந்திருந்தான். பேச்சு எப்போதோ திரும்பிவிட்டது, ஆனால் அந்த விஷயத்தை மட்டும் இருவரும் தொடுவதில்லை. யூசுப் பெட்டியை மூடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். சுமதி போய்ச்சேரும் இடத்தின் பாரத்தை நிரப்பினாள். வடக்கு எழுபத்தெட்டு. கிழக்குப் பதினைந்து. எழுத்தைத் தொட்டுத் தொட்டு மூன்று முறை சரிபார்த்தாள்.

"அரே, நீ அன்னிக்கு எழுதின நம்பரேதான் இது!" என்றார் யூசுப். "பதினேழு வருஷம் முன்னாடியே அட்ரஸ் போட்டுட்டியாம்மா?"

அவள் சிரித்தாள். தண்டபாணி சிரிக்கவில்லை. சட்டைப் பையில் ஆயில் கறை படிந்த போனைத் துழாவி எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, யூசுப்பின் முகத்துக்கு நேரே பிடித்தான். களஞ்சியத்தில் அந்தச் சோளத்தின் பாஸ்போர்ட். கீழே, தவறாகப் பதிந்தவர், திருத்தியவர் என்ற இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர்.

"பாத்தீங்களா பாய்?" என்றான். "நாச்சாரத்துல எங்க பட்டறையில அத்தன பேருத்துக்கும் காட்டிப்போட்டேன். எந்த நாட்டுல தெறந்தாலும் தெரியுமாமா. என்ற பேரும் கூடவே இருக்குது பாருங்க, சுமதி தண்டபாணின்னு. உலகம் பூரா படிக்கும்."